மகளின் பூம் பெல்ட்: வழி சொல்லுங்க

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டைக்குக் குடிவந்திருக்கோம். மகளுக்கு 13 வயசு. கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில், அதோட உலகத் தலைமையகமான குக்கிவோன் தரும் முதல் பூம் (சிறுவர்களுக்கான கறுப்பு பெல்ட் நிலை) வாங்கியிருக்கா; பாதி சிவப்பு, பாதி கறுப்பு பெல்ட். 15 வயசுக்குக் கீழே பூம்தான், அப்புறம் அதையே டானா (பெரியவங்களுக்கான கறுப்பு பெல்ட் நிலை) மாத்திக்கலாம்.

வீட்டுப் பக்கத்தில் கராத்தே வகுப்புதான் இருக்கு. மாஸ்டர் வெள்ளை பெல்ட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்றார். அது நியாயம்தான். ஜூடோவுக்காக அதை உருவாக்கின கானோ ஜிகோரோ 1880களில் கொண்டுவந்த டான் முறையை ஒவ்வொரு கலையும் தன் போக்கில் எடுத்துக்கிச்சு; அதனால ஒரு கலையோட பெல்ட் இன்னொண்ணுக்குப் பொருந்தாது. பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் கறுப்பு பெல்ட்டுக்குப் பத்து வருஷம்கூட ஆகும்.

ஆனா நாலு வருஷம் விடியக்காலையில் சில்வர் பீச் மணலில் ஓடின பிள்ளை, முகம் வாடி உட்கார்ந்திருக்கா. குக்கிவோன் சான்றிதழை ஏத்துக்கிற டேக்வாண்டோ வகுப்பு புதுச்சேரியில் எங்கே இருக்கு? மாலை 6 மணிக்கு மேல இருந்தா நல்லது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.