கொலு பொம்மை வாங்கப் போய் நடுரோட்டில் நின்ற கதை: உங்கள் வீட்டில் எப்படி?

முடிச்சூர்க்காரி:

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், தனிக்குடித்தனம் வந்த பிறகு முதல் கொலு, 2024. என்னிடம் இருந்தது சீரோடு அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடி ஒன்றுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று படி எப்படி நிரப்புவது? அக்டோபர் 3 அன்று நவராத்திரி ஆரம்பம், அதற்கு முந்தைய ஞாயிறு காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுக்குப் போய் ஒரு தசாவதார செட் வாங்கி வந்துவிடலாம் என்று கிளம்பினோம். மாளய பட்சத்தில் புதுசு எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதே என்று மாமியார் போனில் சொன்னார். "கொலுவுக்குன்னா பரவாயில்லை அத்தை" என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வண்டி பன்னிரண்டு வயசான சின்ன கார், எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. ஏசி போட்டால் மேடு ஏறாது, மேடு ஏறினால் ஏசி இருக்காது, மற்றபடி நல்ல பிள்ளை. படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை.

அந்தத் தெருவில் பாதி வீடுகளில் முன்னறைதான் கடை. வெள்ளை மட்டும் அடித்து, கண் வைக்காத பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து பெருமாளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். பிரஷில் நாலு முடிதான் இருந்திருக்கும். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு கோடு, விட்டுவிட்டு அடுத்த கோடு. கண்தான் கடைசியாம். மண் பொம்மை வேண்டுமா காகிதக்கூழ் பொம்மை வேண்டுமா என்று கேட்டார். காகிதக்கூழ் எடை குறைவு, கீழே விழுந்தாலும் தாங்கும். எனக்கு மண்தான் வேண்டும் என்று பிடிவாதம். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து எடுக்கச் சொன்னார், விரிசல் இல்லாமல் நன்றாக வெந்த மண் 'டங்' என்று கேட்குமாம், விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்குமாம். பத்து அவதாரத்தையும் தட்டினேன். இவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். வைக்கோலில் சுற்றி, மேலே செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தார்கள், பின்சீட்டில் என் பழைய போர்வையை விரித்து அடுக்கினோம்.

திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏசி காற்று சூடாக வந்தது. கேஸ் தீர்ந்திருக்கும் என்றார் இவர். ஒரு தித்திப்பு வாசனை வேறு, யாரோ வெல்லம் காய்ச்சுகிற மாதிரி. நான் வெளியே கரும்பாலை ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன், சத்தியமாக. அது இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட்டின் வாசனை என்று பிறகுதான் தெரிந்தது. டெம்பரேச்சர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதற்குள் பானட் ஓரத்தில் ஆவி. இவர் பதறி பிரேக் போட்டதில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கியதும் இவர் துணியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். எதிரே நின்ற கன்டெய்னர் லாரி டிரைவர் ஓடி வந்தார். "சார், கையை எடுங்க! மூஞ்சி வெந்துடும்!" உள்ளே அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர், மூடி திறந்த நொடி வெளியே பீய்ச்சியடிக்கும் என்று அதற்கப்புறம் பொறுமையாகச் சொன்னார். முக்கால் மணி நேரம் புளியமர நிழலில் நின்றோம். அவரே பக்கத்தில் லாரிப் பட்டறையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்.

பெரியவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ரேடியேட்டரின் மேல்பக்கம் பிளாஸ்டிக் தொட்டியில் நகக்கீறல் அளவு விரிசல். மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார், விரலில் வெள்ளையாக உப்புப் படிவு. "கூலன்ட் ஊத்துறீங்களா, பைப்புத் தண்ணி ஊத்துறீங்களா?" இவர் என்னைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். எங்கள் பிளாட்டில் வாளியையே வெள்ளை பூக்க வைக்கிற போர் தண்ணீர், ஆறு மாசமாக அதைத்தான் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டிருந்தோம், இறங்கும்போதெல்லாம் இன்னொரு பாட்டில். ஏன் இறங்குகிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்க வேண்டாமா?

விரிசலைத் துடைத்து, உப்புக்காகிதத்தால் தேய்த்து, எம்-சீல் இரண்டு உருண்டையையும் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து அழுத்தி ஒட்டினார். ஒரு மணி நேரமாவது இறுகட்டும், மூடியை முழுசாகத் திருகாதீங்க, அழுத்தம் ஏற வேண்டாம், நாற்பதுக்கு மேல போகாதீங்க, வீட்டுக்குப் போனதும் ரேடியேட்டரை மாத்துங்க, இது வீடு சேருகிற வரைக்கும்தான் என்று வரிசையாகச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பின்கதவைத் திறந்து பார்க்கத் துணிச்சல் வந்தது. ஒன்பது பேர் சௌக்கியம். வாமனர் கையில் குடைக்காம்பு மட்டும் ஒடிந்து, குடை தனியாக வைக்கோலில் கிடந்தது. என் முகத்தைப் பார்த்த பெரியவர் கையில் மிச்சமிருந்த எம்-சீலைக் கிள்ளி, "கொடும்மா" என்று வாங்கிக் காம்பைச் சேர்த்துப் பிடித்தார். பட்டறைக் கிரீஸ் கை, வாமனர் கட்டைவிரலில் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது. குடை கொஞ்சம் மேற்காகச் சாய்ந்துவிட்டது.

வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பதரை. மாமியாருக்கு நான் சொல்லவில்லை, இவர் சொல்லிவிட்டார். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

படியெல்லாம் அட்டைப்பெட்டி, பழைய பரீட்சைப் புத்தகக் கட்டு, மேலே வேட்டி. கீழே பார்க் வைத்தோம்: தட்டில் கடுகும் வெந்தயமும் முளைக்கப்போட்டு வயல், மரத்தூளில் சாயம் கலந்து ரோடு. ரோட்டில் இவர் ஒரு பொம்மைக் காரை வைத்து, பானட் மாதிரி ஒரு அட்டையை நிமிர்த்தி, பஞ்சைப் பிய்த்து ஆவி விட்டார். பக்கத்தில் மரப்பாச்சி ஜோடி, நான் கட்டிவிட்ட ஜரிகைப் புடவையும் வேட்டியுமாகக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் தசாவதாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இதைத்தான் சுற்றி நின்றார்கள். ஆயுத பூஜைக்குள் நிஜ வண்டிக்குப் புது ரேடியேட்டர் வந்துவிட்டது, எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்திலும் நசுங்கியது. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள், எங்களை மட்டும் மக்கு ஆக்காதீர்கள்.

மதுரைக்காரன்:

விளாச்சேரி போயிருக்கிறீர்களா? மதுரைக்குப் பக்கத்தில்தான், அங்கேயும் கொலு பொம்மை செய்வார்கள், அதே கைகள் கிறிஸ்துமஸுக்குக் குடில் செட்டும் செய்யும். நாங்கள் வருஷா வருஷம் குடில் கட்டுகிறவர்கள். சாக்குத்துணியும் கசக்கிய பிரவுன் பேப்பரும் மலை, வைக்கோல் கூரை. மனைவிக்கு நட்சத்திரம் மட்டும் கடையில் வாங்கக் கூடாது, மூங்கில் சீவிக் கட்டி கலர் பேப்பர் ஒட்ட வேண்டும். ஒருவருஷம் 24ஆம் தேதி சாயங்காலம் கரண்ட் போய்விட்டது, காரின் ஹெட்லைட்டைப் போட்டு வாசலில் உட்கார்ந்து ஒட்டினோம். நல்ல வெளிச்சம், ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இரவு ஆராதனைக்குக் கிளம்பி சாவியைத் திருகினால் 'டிக் டிக் டிக்', அவ்வளவுதான். நல்ல பேட்டரி என்றால் சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும், எங்களுடையது ஒன்பதோடு படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் பையன்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவனும் சேர்ந்து தள்ளினான். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை அழுத்தி, வேகம் வந்ததும் விட்டேன், பிடித்துக்கொண்டது. தாத்தாவின் தாடி பின்கண்ணாடி வைப்பரில் மாட்டி எங்களோடு கோயிலுக்கு வந்தது. கியர் வண்டிக்குத்தான் இந்த வித்தை, ஆட்டோமேட்டிக்கில் முயற்சி செய்யாதீர்கள்.

வேளச்சேரி அக்கா:

எங்கள் வீட்டில் எலி. போன கார்த்திகைக்கு நான் கையால் திரித்த பஞ்சுத்திரி நூறு, ஒரு டப்பாவில் பால்கனியில் வைத்திருந்தேன், காணவில்லை. இவர்தான் தூக்கிப் போட்டார் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் வண்டி இழுக்கவில்லை என்று ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் என் திரியெல்லாம் உள்ளே மெத்தை மாதிரி, நடுவில் நாலு எலிக்குஞ்சு. மழைக்காலத்தில் இன்ஜின் சூட்டுக்கு வந்து ஒண்டிக்கொள்ளுமாம். பக்கத்திலேயே ஒரு வயரையும் கடித்து வைத்திருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அன்றைக்கு வெங்காய பஜ்ஜி போட்டேன், அவருக்குப் புரிந்தது.

மெக்கானிக் மகன்:

முடிச்சூர்க்காரி அக்கா, ஒன்று மட்டும். அந்தப் பெரியவர் செய்தது சரிதான், ஆனால் யாரும் எம்-சீலை நம்பி மாசக்கணக்கில் ஓட்டிவிடாதீர்கள், சூட்டில் விட்டுவிடும். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டரைத்தான் கலக்க வேண்டும், டப்பாவில் அளவு போட்டிருக்கும்.

முடிச்சூர்க்காரி:

சரி தம்பி. ரேடியேட்டரைத்தான் மாற்றிவிட்டோமே. வாமனரிடம் எம்-சீல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது, போன வருஷக் கொலுவிலும் அதே சாய்ந்த குடைதான். மாமியார் வந்து பார்த்தார். "காத்து அடிக்குது போல" என்றார்.