எலும்பு டாக்டர்தான் காபி அதிகம் குடிக்காராம், நம்பலாமா?

முக்கூடல்காரன்:
2015 பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கிறிஸ்துமஸ் இதழ்ல வந்த ஆய்வு. சுவிட்சர்லாந்து போதனா மருத்துவமனை ஒண்ணு, 766 டாக்டர்கள், 2014 முழுக்க கேன்டீன் கணக்கு. 644 பேரு 70,772 காபி வாங்கியிருக்காவ. எலும்பு சர்ஜன் தலைக்கு 189, மயக்க டாக்டர் 39. விளையாட்டு ஆய்வுதான், ஆனா எண்ணிக்கை விற்பனைப் பதிவு. யாருடைய ஞாபகத்தையும் கேட்டு எழுதல.

பேட்டை வாசி:
வாங்குனது வேற, குடிச்சது வேற வே. ஆபரேஷன் கேஸ் ஓடும்போது மயக்க டாக்டர் நோயாளி தலைமாட்டை விட்டு நகர முடியுமா? தியேட்டர் பக்கம் ஒரு மெஷின் இருந்தா அது கேன்டீன் கணக்குல ஏறவே ஏறாது.

முக்கூடல்காரன்:
ஸ்கேன், எக்ஸ்ரே பாக்குத ரேடியாலஜி டாக்டர் 177. அவங்களும் ரூமுக்குள்ளதான கெடக்காவ?

பேட்டை வாசி:
ஸ்கேன் படம் பத்து நிமிசம் காத்துக் கெடக்கும், வென்டிலேட்டர் காத்துக் கெடக்குமா? இன்னொண்ணு: அனுபவசாலி சீனியர் 140, ஜூனியர் 95. சீனியர் கூட நிக்கவங்களுக்கும் சேத்து வாங்கியிருந்தா அது அவரு குடிச்ச கணக்கா?

தாழையூத்து அக்கா:
ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துங்க. பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி மாதிரி எடத்துல இதச் செய்யணும்னா பில்லை நம்பாதிய. பிளாஸ்க் வரும், ஒருத்தர் ஜிபேல மொத்தமா போடுவாரு. கப்பை எண்ணுங்க. துறைக்கு ஒரு நிறம், காலையில நூறு கப்பு கொடுத்து ராத்திரி மிச்சத்தைக் கழிக்கணும். ஆபரேஷன் நாள், ஓ.பி. நாள், நைட் டூட்டி மூணும் தனித்தனி. வெறும் சராசரி போடாதிய. ஒரே ஆளு பத்து குடிச்சா கணக்கு சாஞ்சிரும், எல்லாரையும் வரிசையா நிறுத்துனா நடு ஆளு எவ்வளவுங்கிற நடுமதிப்பும் வேணும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி முதல்லயே வாங்கிரணும்.

பேட்டை வாசி:
கப்பும் பொய் சொல்லும் அக்கா. மெல்லிசு பேப்பர் கப்பு சுடும்னு ரெண்டைச் சொருகித்தான் பிடிக்காவ. நர்ஸ், மெடிக்கல் ரெப் எல்லாரும் அதே அடுக்குல இருந்துதான் எடுப்பாவ.

தாழையூத்து அக்கா:
அப்போ கெட்டிக் கப்பு வாங்கிக் கொடுங்க. டாக்டர் கப்பு டூட்டி ரூமுக்குள்ள மட்டும். எண்ணுதோம்னு தெரிஞ்சா குடிக்கது மாறும், அதனால முதல் வாரக் கணக்கைத் தூரப் போட்டுருங்க.

முக்கூடல்காரன்:
எல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு திருத்துன பொறவும் எலும்பு டாக்டர் முதல்ல வந்தா என்ன சொல்லுவீரு வே?

பேட்டை வாசி:
கேஸ் நடுவுல இடைவெளி எவ்வளவுன்னு தியேட்டர் ரிஜிஸ்டரைக் கேப்பேன்.