ரெண்டு பாஸ்போர்ட் இருக்கு, ஏர்லைன் சைட்ல நேஷனாலிட்டி எதைப் போடணும்?

நடுவானம்:
வணக்கம். நான் பிறப்பால பிரிட்டிஷ், கல்யாணத்துக்கு அப்புறம் கனடா வந்து இங்கயும் சிட்டிசன்ஷிப் எடுத்துட்டேன், ரெண்டு பாஸ்போர்ட்டும் இன்னும் எக்ஸ்பைரி ஆகல. டொராண்டோல இருந்து லண்டன் போய்ட்டு வர ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருக்கேன். ஏர்லைன் சைட்ல பயணி விவரம்னு ஒரு பக்கம் வருது, அதுல நேஷனாலிட்டின்னு ஒரே ஒரு கட்டம், பாஸ்போர்ட் நம்பருக்கும் ஒரே கட்டம், போறதுக்குத் தனி வர்றதுக்குத் தனின்னு எதுவும் இல்ல. கனடான்னு போட்டா பிரிட்டனுக்கு ஈடிஏ (விசா தேவைப்படாதவங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்குற பயண அனுமதி) வாங்கியாச்சான்னு கேக்குது, பிரிட்டிஷ்னு போட்டா திரும்பி வர்றப்ப கனடா ஈடிஏ எங்கன்னு கேக்கும் போல. இதுல ஒண்ண மட்டும் சொல்லிட்டு இன்னொண்ணச் சொல்லாம விட்டா பொய்த் தகவல் குடுத்த மாதிரி ஆகிடுமா? சொந்தக்காரர் ஒருத்தர் வேற, ரெண்டையும் ஒரே இடத்துல காட்டாத, ஒண்ணப் புடுங்கி வச்சுக்குவாங்கன்னு பயமுறுத்திட்டுப் போய்ட்டாரு. இன்னொரு தலைவலி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்ல அப்பா பேர்தான் சர்நேம், கனடா பாஸ்போர்ட்ல வீட்டுக்காரர் பேரு. டிக்கெட் கனடா பேர்ல இருக்கு.

கடல்காற்று:
அந்தக் கட்டம் எதுக்கு இருக்குன்னு புரிஞ்சுட்டா பாதிக் குழப்பம் போயிடும். நீங்க எந்த நாட்டுக்காரங்கன்னு தெரிஞ்சு ஏர்லைனுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இறங்குற இடத்துல உங்கள உள்ள விடுவாங்களா மாட்டாங்களா, அதுதான் அவங்க கவலை. விடலன்னா திருப்பிக் கூட்டிட்டு வர்ற பொறுப்பு அவங்க தலையில, பல நாடுகள்ல அபராதமும் உண்டு. அதனால டைமேட்டிக்னு ஐயாட்டாவோட (ஏர்லைன்களோட உலகச் சங்கம்) டேட்டாபேஸ் ஒண்ணு, அதுல உங்க பாஸ்போர்ட்டையும் போற நாட்டையும் வச்சு விசா வேணுமான்னு பாத்துக்குவாங்க. நீங்க குடுத்த விவரம் விமானம் கிளம்புறதுக்கு முன்னாடியே இறங்குற நாட்டு அதிகாரிங்களுக்குப் போயிடும்.

அதனால இறங்குற நாட்டுப் பாஸ்போர்ட் உங்ககிட்ட இருந்தா அதையே குடுங்க. லண்டன் போறப்ப பிரிட்டிஷ், டொராண்டோ திரும்புறப்ப கனடா. கட்டம் ஒண்ணுதான்னா இப்போதைக்கு பிரிட்டிஷ் விவரத்தப் போட்டு வைங்க, திரும்புற பயணத்துக்கு செக்-இன் தொறந்ததும் உள்ள போய் கனடா நம்பருக்கு மாத்திடுங்க. சைட் மாத்த விடலன்னா கவுண்டர்ல குடுத்தா அவங்களே மாத்துவாங்க, தினமும் பாக்குற வேலைதான் அவங்களுக்கு. மொபைல்ல போர்டிங் பாஸ் வராமப் போகலாம், அதனால அன்னைக்கு மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே ஏர்போர்ட் போயிடுங்க.

பொய்யா ஆகுமான்னு கேட்டீங்க, ஆகாது. ரெண்டுமே உங்களோடதுதான. எந்தப் பாஸ்போர்ட் நம்பர் குடுக்குறீங்களோ அந்த நாட்டையே நேஷனாலிட்டியா போடணும், அத மட்டும் மாத்தி மாத்தி போட்டுடாதீங்க. ஆனா "வேற எந்த நாட்டுலயாவது குடியுரிமை இருக்கா"ன்னு நேரடியாவே கேக்குற ஃபார்ம் இருக்கு பாருங்க, அது வேற சமாச்சாரம். அமெரிக்காவோட எஸ்டா (அங்க விசா இல்லாமப் போறவங்க வாங்குற பயண அனுமதி) ஃபார்ம்ல இந்தக் கேள்வி உண்டு, அங்க இல்லன்னு சொன்னா அது அப்பட்டமான பொய். சும்மாவும் கேக்கல, 2015ல வந்த சட்டப்படி ஈரான், இராக், சிரியா, சூடான் குடியுரிமையும் சேர்த்து வச்சிருக்குறவங்களுக்கு எஸ்டா கிடையாது, தூதரகத்துக்குப் போய் விசாதான் எடுக்கணும்.

பாதசாரி:
மேல சொன்னது சரி, ஆனா உங்க விஷயத்துல எதைப் போடலாம்னு யோசிக்கவே இடமில்ல, ரெண்டும் கறாரான நாடு. 2016 நவம்பர்ல இருந்து கனடா சிட்டிசன் கனடாவுக்கு ஃபிளைட் ஏறணும்னா கனடா பாஸ்போர்ட் காட்டணும், சொந்த சிட்டிசனுக்கு அவங்க ஈடிஏ குடுக்க மாட்டாங்க. அமெரிக்கா கனடா ரெண்டும் இருக்குறவங்களுக்கு மட்டும் அமெரிக்க பாஸ்போர்ட்லயே வர விதிவிலக்கு இருக்கு. பிரிட்டனும் இப்ப அதே வழிக்கு வந்துடுச்சு. 2025 ஜனவரி 8ல இருந்து கனடாக்காரங்களுக்கு ஈடிஏ கட்டாயம்னாங்க, பிரிட்டிஷ் சிட்டிசன் அதுக்கு அப்ளை பண்ணவே முடியாது, 2026 பிப்ரவரி 25ல இருந்து ரெட்டைக் குடியுரிமைக்காரங்க பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ இல்ல சர்டிபிகேட் ஆஃப் என்டைட்டில்மெண்ட்டோ (பிரிட்டன்ல இருக்க உரிமை உண்டுன்னு காட்டுற சான்று) காட்டணும்னு கெடுபிடி பண்ணிட்டாங்க. முன்னாடி எல்லாம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்ட ரினியூ பண்ணாம பீரோல போட்டுட்டு கனடா பாஸ்போர்ட்லயே போய்ட்டு வந்தவங்க ஏகப்பட்ட பேரு, இனிமே அந்த வேலை ஓடாது.

அமெரிக்காவுல அந்த நாட்டு சிட்டிசன் அமெரிக்க பாஸ்போர்ட்லதான் உள்ள வரணும் வெளிய போகணும்னு சட்டமே இருக்கு, ஆஸ்திரேலியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான், தென்னாப்பிரிக்காவுல பெரியவங்க வேற நாட்டுப் பாஸ்போர்ட்ல உள்ள நுழைஞ்சா குற்றம்னே எழுதி வச்சிருக்காங்க.

அந்த சொந்தக்காரர் சொன்னது, ரெட்டைக் குடியுரிமைய ஒத்துக்காத நாடுன்னா நிஜம்தான். இந்தியாவ எடுத்துக்கங்க, வேற நாட்டு சிட்டிசன்ஷிப் எடுத்த அந்த நிமிஷமே 1955 சட்டப்படி இந்தியக் குடியுரிமை போயிடும், பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணணும். ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டு சிட்டிசன்களுக்கு இந்தியா குடுக்குற அட்டை) வச்சிருக்கறதால நேஷனாலிட்டில இந்தியான்னு போடுற ஆளுங்கள நானே பாத்திருக்கேன், அது தப்பு, ஓசிஐ குடியுரிமையே கிடையாது. கனடாவும் பிரிட்டனும் ஒத்துக்குற நாடு, கவுண்டர்ல ரெண்டையும் சேர்த்தே நீட்டலாம்.

சின்னமணி:
அக்கா, பேர் விஷயத்தைத்தான் நீங்கள் முதல்ல பாக்கோணும், மற்றதெல்லாம் கவுண்டரில சரிவரும். டிக்கெட்டில இருக்கிற பேரும் நீங்கள் குடுக்கிற பாஸ்போர்ட்டில இருக்கிற பேரும் ஒண்டா இருக்கோ எண்டுதான் ஏர்லைன்காரர் பாப்பினம். ரெண்டு பாஸ்போர்ட்டையும் கலியாணப் பதிவு சேர்டிபிக்கட்டையும் சேர்த்துக் காட்டினால் கனபேர் விடுவினம்தான், ஆனா அது அண்டைக்கு கவுண்டரில நிக்கிற ஆளைப் பொறுத்தது, அதை நம்பிக் கொண்டு குடும்பத்தோட வெளிக்கிடேலாது. முதலே ஏர்லைனுக்கு ஃபோன் எடுத்து விஷயத்தைச் சொல்லி, புக்கிங்கில ஒரு குறிப்புப் போடச் சொல்லுங்கோ. ஆறுதலா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில பேரை மாத்தி விடுங்கோ, மற்ற நாட்டுப் பாஸ்போர்ட்டிலயும் அதே பேர் இருக்கோணும் எண்டு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒஃபிஸ்காரரும் எதிர்பாக்கினம்.

வெளிக்கிடேக்க எமிக்ரேஷன் பாக்கிற நாட்டில எந்தப் பாஸ்போர்ட்டில உள்ளுக்கு வந்தியளோ அதையே காட்டுங்கோ, இல்லாட்டி இந்த ஆள் எப்ப வந்தது எண்டு கொம்ப்யூட்டரில தேடிக்கொண்டு நிப்பினம். பிரிட்டனிலயும் கனடாவிலயும் வெளிய போகேக்க அப்பிடி ஒரு மேசையே இல்லை, ஆகவே உங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

நடுவானம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், இன்னைக்கே ஏர்லைனுக்கு ஃபோன் பண்றேன். இன்னொண்ணும் கேட்டுக்கறேன், போறப்ப நியூயார்க்ல விமானம் மாறுற மாதிரி டிக்கெட் கொஞ்சம் மலிவா இருக்கு, அப்படிப் போனா பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு எஸ்டா எடுக்கணுமா?

கடல்காற்று:
எடுக்க வேணாம், அங்க கனடா பாஸ்போர்ட்டக் காட்டுங்க. அமெரிக்காவுல விமானம் மாறுறதுன்னாலும் முழுசா இமிகிரேஷன் தாண்டித்தான் ஆகணும், டிரான்சிட்டுக்குன்னு தனி வழி கிடையாது, பிரிட்டிஷ்காரங்களுக்கு அதுக்கே எஸ்டா வேணும், கனடாக்காரங்களுக்கு விசாவும் வேணாம் எஸ்டாவும் வேணாம். டொராண்டோ பியர்சன்ல அமெரிக்க அதிகாரிங்க அங்கயே உக்காந்து செக் பண்ணி அனுப்பிடுவாங்க, கனடா பாஸ்போர்ட் அவங்களுக்கு. ஆனா டொராண்டோ கவுண்டர்லயே லண்டன் வரைக்கும் போர்டிங் பாஸ் அடிப்பாங்கல்ல, கனடா பாஸ்போர்ட்ட மட்டும் குடுத்தா பிரிட்டன் ஈடிஏ எங்கன்னு சிஸ்டம் மடக்கும், அதனால அங்க பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் எடுத்துக் குடுத்து நியூயார்க்குக்கு இது, லண்டனுக்கு இதுன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க.

பாதசாரி:
அப்புறம் அந்தப் பேரு மாத்துற வேலைய ஊர் திரும்பின பிறகு ஆரம்பிங்க, பழைய பாஸ்போர்ட்ட அப்ளிகேஷனோட அனுப்பியாகணும், பயணத்தன்னைக்கு கையில இருக்காது.