வெளியே தெரியாத துணிக்கு ஏன் இத்தனை பாடு?

காஜா:
கல்லூரி நாடகத்துக்கு 1860களின் இங்கிலாந்து உடைகள் மூன்று தைக்கிறேன். முதல் கவுனை முடித்து, உள்ளே விறைப்பான வலைத்துணிப் பாவாடை மாட்டிப் பார்த்தேன். மணி போல விரிய வேண்டியது வாடிய பூசணிப்பூவாகத் தொங்குகிறது. கார்செட் (விறைப்பான பட்டைகள் வைத்து, முதுகில் நாடா இழுத்துக் கட்டும் இடுப்புக்கச்சை), கிரினோலின் (பாவாடையை விரித்துப் பிடிக்கும் வளையக்கூடு) எல்லாம் தைத்தே ஆக வேண்டும் என்கிறாள் தோழி. ஒருவர் கண்ணிலும் படாத உள்ளாடைகளுக்கு மூன்று வாரம் போக வேண்டுமா?

நூல்கண்டு:
தோழி சொல்வதுதான் சரி. கவுனைப் பிரித்துவிடுங்கள். அது வெறும் உடம்புக்கு எடுத்த அளவு. அக்காலக் கவுன் கார்செட் போட்ட உடம்புக்கு வெட்டப்பட்டது. முதலில் ஷிமீஸ் (நம் வீட்டுச் சிம்மீஸுக்கு அதுதான் மூலம்), டிராயர், அதன்மேல் கார்செட், பிறகு எஃகு வளையக்கூடு, கூட்டின் வளையங்கள் வரிவரியாகத் தெரியாமலிருக்க ஓர் உள்பாவாடை. இத்தனையும் அணிவித்த பிறகுதான் அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டும். இப்போது தரையைத் தொடும் விளிம்பு, கூட்டின் மேல் போட்டால் கணுக்காலுக்கு மேலே போய் நிற்கும்.

மேடைக்கத்தரி:
இருபது வருடமாக நாடகங்களுக்குத் தைக்கிறேன். பத்தாவது வரிசைக்காரருக்கு உருவம்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. கவுனின் மேற்பாகத்திலேயே பட்டைகளை வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. காட்சிக்குக் காட்சி உடை மாற்ற இரண்டு நிமிடம் கிடைக்கும். அதில் முதுகுக்குப் பின்னால் நின்று யார் நாடா இழுப்பது? அந்தப் பெண் பாட வேண்டும். மயங்கி விழுந்தால்?

நூல்கண்டு:
அண்ணா, நாடாவைத் தினமும் இழுக்கத் தேவையில்லை. அந்தக் காலக் கார்செட்டில் முன்பக்கம் இரண்டாகப் பிரியும் கொக்கிப்பட்டை உண்டு. பின்நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு தாமே மாட்டலாம், கழற்றலாம். மயக்கம் இறுக்கினால்தான் வரும். அருங்காட்சியகத்துக் கார்செட்டின் இடுப்பை அளந்துவிட்டு, அதுவே அந்தப் பெண்ணின் இடுப்பு என்று எழுதிவிடுகிறார்கள். பின்னால் இடைவெளி விட்டும் கட்டினார்கள் என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.

இன்னொன்று: 1856இல் எஃகு வளையக்கூட்டுக்குக் காப்புரிமை வாங்கும் வரை, விரிவுக்காகக் கஞ்சி போட்ட பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமந்தார்கள். கூடு வந்ததும் சுமை குறைந்தது, கால்களுக்கும் வீசி நடக்க இடம் கிடைத்தது. மிச்சமுள்ள பாரத்தையும் நாடாக்களையும் கார்செட் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் நாடகம் முடிவதற்குள் இடுப்புச் சதையை நாடா அறுத்துவிடும்.

பாபின்:
கார்செட் தைப்பதாக இருந்தால் துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். என் முதல் கார்செட்டை மெல்லிய பருத்தியில் தைத்தேன். ஒரே மாலையில் துணி இழுபட்டு, பட்டையின் முனை தையலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. விலாவில் இன்னும் தழும்பு இருக்கிறது. நெருக்கமாக நெய்த கனத்த துணி இரண்டு அடுக்கு, இடுப்புக்கோட்டில் உள்ளே ஒரு நாடா, நாடாத்துளைகளுக்கு உலோக வளையம். பட்டைக்கு, மின்கம்பிகளைக் கட்டும் அகலமான நெகிழிப்பட்டையை வெட்டி, முனையை உரசி உருட்டினால் போதும்.

மேடைக்கத்தரி:
வளையக்கூட்டை ஒப்புக்கொள்கிறேன், வலைத்துணி அந்த வேலையைச் செய்யாது. கார்செட்டில் இன்னும் சம்மதமில்லை. மூன்று பேருக்கு மூன்று கார்செட் என்றால் கல்லூரியின் பணப்பெட்டி காலி. காஜா, மெழுகுவத்திக் காட்சி இருந்தால் விளக்கைப் பொய்யாக வையுங்கள். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரிகள் இருவர் 1871இல் கவுனில் தீப்பிடித்துத்தான் இறந்தார்கள்.

காஜா:
மெழுகுவத்தி இல்லை. ஒரு கூடும் ஒரு கார்செட்டும் தைத்து, நாயகிக்கு மட்டும் நேற்று மாட்டினேன். கண்ணாடி முன் நின்றபோது நான் தைத்ததா என்று எனக்கே சந்தேகம். பிறகு, பின்வளையத்தைத் தூக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்வளையம் எழும்பி அவள் முகத்தை மறைத்தது. ஒத்திகை அறையே சிரித்தது. டிராயரை இன்னும் வெட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கு எத்தனை மீட்டர் வாங்கட்டும்?

மேடைக்கத்தரி:
இரண்டு. முழங்காலுக்குக் கீழே வரும்படி வெட்டுங்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.