ஆரம்ப சுகாதார நிலையத்தில் மணிமாலை கொடுக்கலாமா?

வைகைக்கரை:
கருத்தடை மாத்திரையும் ஊசியும் ஒத்துக்கொள்ளாத, காப்பர்-டிக்குப் பயப்படுகிற பெண் "நாங்க நாள் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எந்த நாளைப் பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கரு தங்கக்கூடிய நாட்களை எண்ணிக் காட்டும் மணிமாலையை ஜார்க்கண்டில் அரசு சுகாதார ஊழியர்கள் வழியாகவே கொடுத்தார்கள். இங்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாலையில் 32 மணிகள். மாதவிடாய் தொடங்கும் அன்று ரப்பர் வளையம் சிவப்பு மணியில். பிறகு தினம் ஒரு மணி நகர்த்த வேண்டும். 6 பழுப்பு, 12 வெள்ளை, 13 பழுப்பு. வெள்ளை வரும் 8 முதல் 19 வரையான நாட்கள்தான் கரு தங்கக்கூடியவை. விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை ஒரு நாள்தான், ஆனால் முட்டை வெளிவரும் நாள் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால்தான் இத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மருதம்:
எதிர்க்கிறேன். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸில் 478 பெண்களிடம் நடந்த ஆய்வில், பிசகாமல் கடைப்பிடித்தாலே ஆண்டுக்கு நூற்றில் 5 பேர் கருவுற்றார்கள். நடைமுறையில் 12. ஆணுறைக்கும் 13 தானே என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த ஒப்பீடு தவறு. ஆணுறைக் கணக்கு பொதுமக்களிடம் எடுத்தது. இதுவோ மாதவிடாய்ச் சுழற்சி ஒழுங்காக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து கண்காணித்து எடுத்தது. கூட்டம் நெரியும் புறநோயாளி நாளில் 12 என்ற எண் நிற்காது.

நாட்கணக்குக் கோளாறு வேறு. நம் ஊரில் பலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வளையத்தைச் சிவப்பில் போட்டால், உண்மையான 8, 9ஆம் நாட்கள் பழுப்பு மணியில் விழும். ஆபத்தான இரண்டு நாளும் 'பாதுகாப்பான' நாளாகிவிடும்.

வைகைக்கரை:
குளித்த நாள் விஷயம் முழுக்கச் சரி. மாலை இல்லாமல் நாள் பார்க்கிறவர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள், திருத்த ஆளில்லாமல். "தீட்டுப் பட்ட முதல் நாள் எது?" என்று செவிலியர் கேட்டு, நாட்காட்டியில் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். வளையத்தை நகர்த்தினோமா என்று சந்தேகம் வந்தால் அந்த வட்டத்திலிருந்து எண்ணிச் சரிபார்க்கலாம்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் தெளிவு. சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் இல்லாதவர்களுக்குக் கூடாது. பிரசவமானவர்கள் மூன்று சுழற்சி முடிந்து, அவை ஒழுங்கான பிறகே தொடங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியை நிறுத்தியவர்களும் சுழற்சி சீராகும்வரை காத்திருக்க வேண்டும். 27ஆவது மணி அடர்பழுப்பு. அதை எட்டுமுன் மாதவிடாய் வந்தாலோ, கடைசி மணி தாண்டியும் வராவிட்டாலோ அந்தச் சுழற்சி வரம்புக்கு வெளியே. ஓராண்டில் இரண்டு முறை அப்படியானால் வேறு முறைக்கு மாற வேண்டும்.

மருதம்:
வெள்ளை மணி 12 நாளும் கணவர் விலகியிருப்பாரா? குடித்துவிட்டு வருகிறவரிடம் மாலையைக் காட்ட முடியுமா? ஆணுறை சேர்த்துக் கொடுப்போம் என்பீர்கள். அது கிழிந்தால் கருத்தரிக்கும் நாளில்தானே கிழியும்! 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை போட்டாலும், அந்த மாதச் சுழற்சி தள்ளிப்போகலாம், மாலைக் கணக்கு செல்லாது. சிசேரியன் ஆகி ஓராண்டுகூட ஆகாதவருக்கு இந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

வைகைக்கரை:
சிசேரியன் ஆனவருக்கு முதலில் காப்பர்-டி பற்றித்தான் பேச வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். வீட்டில் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத பெண்ணுக்கும் மாலை உதவாது. அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டால்தான் அது தெரியும்.

மருதம்:
அப்படியானால் தாய்ப்பால் கொடுப்பதையே கருத்தடையாகக் கொள்ளும் தாய்ப்பால் முறையிலிருந்து தொடங்குங்கள், அதை எதிர்க்க மாட்டேன். மூன்று நிபந்தனை: மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, வயது 6 மாதத்துக்குள். மூன்றும் இருந்தால் நூற்றில் 98 பேருக்குமேல் பாதுகாப்பு. சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், புட்டிப்பால் என்று வழக்கமாகிவிட்டால் பால் குடிக்கும் தடவை குறையும். குறைந்தால் முட்டை வெளிவருவது திரும்பிவிடும், அதுவும் முதல் மாதவிடாய்க்கு முன்பே. தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்றையும் கேட்டுவிடலாம்.

வைகைக்கரை:
ஒத்துக்கொள்கிறேன். மூன்றில் ஒன்று தவறிய அன்றே அடுத்த முறை கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாலை கொடுக்க முடியாது, சுழற்சி இன்னும் சீராகியிருக்காது. ஆணுறையோ காப்பர்-டியோ தான்.