படுகை மண் பஞ்சு மெத்தையா?

கண்டனூரான்:
தேவகோட்டை அன்பர் நேற்று இந்தப் பக்கத்தில், "ஆழமான மண்படிவு பஞ்சு மெத்தையைப் போல நிலநடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும், ஆகவே பாறைமேல் இருக்கும் ஊர்களைவிட, பாறைப் பள்ளத்தில் மண் படிந்து நிரம்பிய காவிரிப் படுகையின் மேற்கு ஓரத்தில் இருக்கும் காரைக்குடிப் பக்கத்து நமக்கே பாதுகாப்பு" என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நிலநடுக்கம் தொடங்கிய இடம், மெக்சிகோ நகருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் அப்பாலிருந்த பசிபிக் கடற்கரை. நகரின் குன்றுப் பகுதி பெரும்பாலும் தப்பியது. பழைய ஏரிக் களிமண்மேல் நின்ற மாடிக் கட்டடங்களே சரிந்தன. பஞ்சு யாரைக் காத்தது?

தேவகோட்டையார்:
ஏரிச் சேற்றையும் நம் செம்புறாங்கல்லையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எங்கள் வளவுக் கிணறு வெட்டியபோது கடப்பாரை நுனி மழுங்கியதை நான் கண்ணால் பார்த்தவன். 2015 நேபாள நிலநடுக்கத்தில், காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான மீட்டர் படிவு இருந்தும், தாழ்ந்த வீடுகளின் சேதம் அஞ்சிய அளவுக்கு இல்லையே! அது பஞ்சு இல்லாமல் வேறென்ன?

கண்டனூரான்:
அது பஞ்சு அன்று, ஒருமுறை ஆடி முடிக்கும் காலம். நிலத்தின் காலமும் கட்டடத்தின் காலமும் ஒத்தால்தான் ஆட்டம் பெருகும். அங்கே நிலம் நான்கைந்து வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஊசலாடியது. தாழ்ந்த வீடோ அரை வினாடிக்குள் ஆடி முடிப்பது. மெக்சிகோவில் 40 மீட்டர்க் களிமண்ணில் நிலநடுக்க அலை வினாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் சென்றதாகக் கொண்டால், களிமண்ணின் தடிமனை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுக்க, அந்த மண் ஒருமுறை ஆடும் காலம் 2 வினாடி என்று வரும். பத்து இருபது மாடிக் கட்டடங்கள் ஆடும் காலத்துக்கு அது நெருக்கமானது. கல்யாண வீட்டு அண்டாவைப் பக்கவாட்டில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கை எடுத்த பிறகும் தண்ணீர் விளிம்பில் மோதித் திரும்பித் திரும்பி ஆடும். படுகைக்குள் சிக்கிய அலையும் அப்படித்தான் நெடுநேரம் ஆட்டும்.

பள்ளத்தூர் ஆசிரியை:
விளிம்பைக் கவனியுங்கள் என்று சென்ற மாதமே எழுதினேன், இருவரும் படிக்கவில்லை. 1995 நிலநடுக்கத்தில், ஜப்பானின் கோபே நகரில், கீழிருந்து வந்த அலையும் படுகை விளிம்பில் பிறந்த அலையும் ஒன்றுகூடியதால், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு நீண்ட பட்டையில் சேதம் குவிந்தது. ஓரம் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது.

தேவகோட்டையார்:
அம்மா, உங்களை யாரும் புறக்கணிக்கவில்லை. ஆனால் காத்மாண்டுவில் தாழ்ந்த வீடுகள் நின்றன என்பதைக் கண்டனூரார் மறுக்கவில்லையே! நான் சொன்ன பஞ்சும் அதுதான்.

கண்டனூரான்:
மறுபடியும் பஞ்சா? 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில், சபர்மதி ஆற்று வண்டல்மேல் கட்டிய அடுக்ககங்கள் இடிந்தன. காரைக்குடியிலும் இப்போது அடுக்ககங்கள் எழுகின்றன. அவற்றின் அடியில் செம்புறாங்கல் எத்தனை அடி, அதற்குக் கீழே மணல் எத்தனை அடி என்று அளந்தவர் யார்? முதலில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

தேவகோட்டையார்:
பெறமாட்டேன். எங்கள் கிணற்றடிக்கு வந்து கடப்பாரையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.