குடும்ப ஓட்டத்தில் ஒன்பது வயது மகளைத் தனியே ஓட விடலாமா? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியினர் சேர்ந்து அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிக் குடும்ப ஓட்டம் ஒன்றை நடத்தவிருக்கிறோம். ஒன்பது வயதாகும் என் மகள், என் கையைப் பிடிக்காமல் தானே ஓடி முடிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள்.

எனக்கும் அது சரியென்றே படுகிறது. குளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1,000 அடி என்பதால் ஒரு சுற்று 1.2 கி.மீ. அளவில்தான் வரும், நான்கு முனைகளிலும் தெரிந்த பெரியவர்கள் நின்றால், குழந்தைகள் ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் பார்வைக்குச் சென்றுகொண்டே இருப்பார்கள். ஆயினும் சென்ற ஆண்டு வேறோர் ஓட்டத்தில் கூட்டத்துக்குள் அவளைச் சில நிமிடங்கள் தவறவிட்டு நான் பதறியதை இன்னும் மறக்க இயலவில்லை. (அவளோ, முன்பே பேசி வைத்தபடி, தண்ணீர் கொடுக்கும் மேசையருகே அமைதியாக நின்றிருந்தாள்.)

இவ்வாறு பிள்ளைகளைத் தனியே ஓட விட்ட பெற்றோர் இங்கிருந்தால், எந்த வயதில் தொடங்கினீர்கள், பின்னால் எவ்வளவு தொலைவில் ஓடினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். எண் அட்டையின் பின்புறம் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதவிருக்கிறோம், அது போதுமா? படிக்கட்டுப் பக்கம் குழந்தைகள் இறங்காமலும், சாலைப் பக்கம் வாகனங்கள் குறுக்கிடாமலும் காக்க எத்தனை தன்னார்வலர்கள் தேவைப்படுவார்கள்?